சாக்காவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரைப் பாருங்கள் என்று நான் யாரிடம் சொன்னாலும், கொஞ்ச நாளில் சாக்காவைப் பற்றி ஏதாவது ஒரு சந்தேகத்தோடு வந்து நிற்பார்கள். நாயகன் ஆங், அவனைத் துரத்தும் இளவரசன் ஜூக்கோ இருவரின் மனப் போராட்டமும் கண்ணெதிரே நடக்கிறது. சாக்காவின் போராட்டம் சிரிப்புக் காட்சிகளுக்கு நடுவே நடப்பதால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன்தான் என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவு வரைக்கும் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொண்டு, தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடரே பார்த்ததில்லை. யார் இந்த சாக்கா? சுருக்கமா சொல்லுங்க.

மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ இருவரும் உருவாக்கிய இந்தத் தொடர், 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை நிக்கலோடியன் சேனலில் வந்தது. 3 சீசன், 61 எபிசோட். அந்த உலகத்தில் சிலருக்கு நீர், நிலம், நெருப்பு, காற்று இவற்றில் ஒன்றைத் தன் இஷ்டப்படி இயக்கும் சக்தி உண்டு. அதை பெண்டிங் என்பார்கள். நெருப்பு தேசம் நூறு வருடமாக மற்றவர்கள்மேல் போர் தொடுத்துக்கொண்டிருக்கிறது. நான்கு சக்திகளையும் ஆளக்கூடிய ஒரே ஆள் அவதார். அந்த அவதாரான ஆங், 12 வயதுப் பையன், நூறு வருடமாகப் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கிறான்.

அவனைக் கண்டெடுப்பவர்கள் தென்துருவத்து நீர்க்குடியைச் சேர்ந்த அண்ணனும் தங்கையும். தங்கை கட்டாராவுக்கு 14 வயது, நீரை இயக்கத் தெரிந்தவள். அண்ணன் சாக்காவுக்கு 15 வயது. அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது, கையில் ஒரு பூமராங் உண்டு. இரண்டாவது சீசனில் பார்வையற்ற டோஃப் வந்து சேர்கிறாள், அவள் நிலத்தை இயக்குகிறவள். இவர்களோடு உலகம் முழுக்கச் சுற்றும் சக்தியில்லாத பையன்தான் சாக்கா. அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஜாக் டி சேனா.

61 எபிசோடும் பார்க்க நேரமில்லை. அவனுக்காக மட்டும் எதைப் பார்க்கலாம்?

முழுசாகப் பார்ப்பதுதான் நல்லது. முடியாவிட்டால் முதல் சீசனில் 1, 2, 4, 15. இரண்டாவதில் 12, 13, 19. மூன்றாவதில் 4, 7, 10, 11, 14, 15, அப்புறம் கடைசி நான்கு. இதில் ஒன்றே ஒன்று என்றால் மூன்றாவது சீசனின் 4ஆவது எபிசோட்.

அவன் வெறும் காமெடி பீஸ்தானே? எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

சிரிக்க வைக்கிறான், உண்மைதான். ஆனால் எப்போது ஜோக் அடிக்கிறான் என்று கவனித்துப் பாருங்கள். கூட இருப்பவர்கள் பயந்திருக்கும்போது, சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, தனக்கே செய்ய ஒன்றுமில்லாதபோது. அந்த வயதுப் பையன் கூட்டத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும் வழி அது.

அதோடு, வரைபடம் யார் கையில் இருக்கிறது? எங்கே இறங்குவது, எப்போது கிளம்புவது என்று யார் கணக்குப் போடுகிறார்கள்? மூன்றாவது சீசனின் 4ஆவது எபிசோடில் அவன் சில நாள் பயிற்சிக்குப் போய்விடுகிறான். அந்த நேரம் மற்ற மூவரும் என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். கட்டாரா அவனைப் போல ஜோக் சொல்லிப் பார்க்கிறாள், யாரும் சிரிப்பதில்லை. அவன் இல்லாத இடத்தைக் காட்டி அவன் யாரென்று சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாவம், அதைப் பார்க்க அவன் அங்கே இல்லை.

தாழ்வு மனப்பான்மை உள்ளவன்னு சொல்றீங்க. ஆரம்பத்துல அப்படிப் பீத்திக்கிறானே?

இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கதை தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால் அவன் அப்பா ஹக்கோடாவும் ஊரின் ஆண்கள் எல்லோரும் போருக்குப் போய்விட்டார்கள். சாக்காவும் கூட வருகிறேன் என்று முகத்தில் போர்வண்ணம் பூசிக்கொண்டு போய் நின்றான். நீ எங்கே அதிகம் தேவைப்படுகிறாயோ அங்கே இருப்பதுதான் ஆண்மை, இப்போது உன் தங்கையைக் காப்பதுதான் உன் வேலை என்று சொல்லி அப்பா அவனை விட்டுவிட்டுப் போகிறார். இதை முதல் சீசனின் 15ஆவது எபிசோடில்தான் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு முதல் எபிசோடைத் திரும்பப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

ஊரில் மிச்சமிருக்கும் 'ஆம்பளைகள்' எல்லாம் பொடிசுகள். அவர்களை வரிசையில் உட்கார வைத்துப் போர்ப்பயிற்சி கொடுக்கிறான். பாதியில் அதுகளுக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது. பனியைக் குவித்து ஒரு காவல்கோபுரம் கட்டி வைத்திருக்கிறான். ஆங்கைத் தேடி நெருப்பு தேச இளவரசன் ஜூக்கோவின் இரும்புக் கப்பல் பனியைப் பிளந்துகொண்டு வரும்போது அந்தக் கோபுரம் பொலபொலவென்று சரிகிறது, இவன் மட்டும் கப்பலுக்கு எதிரே தனியாக நிற்கிறான். ஒரே உதையில் தூக்கி எறியப்படுகிறான், திரும்ப எழுந்து ஓடுகிறான். வீம்பு பேசுகிற பையன் ஓடி ஒளிந்திருக்கலாம். இவன் ஒளியவில்லை. அப்பா விட்டுப்போன பொறுப்பு அவனுக்குப் பல அளவு பெரிது. அந்த இடைவெளியைத்தான் வாயால் நிரப்பிக்கொண்டிருந்தான்.

பொண்ணுங்களை மட்டமாப் பேசறான். அவனை எப்படிப் பிடிக்குது உங்களுக்கு?

அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்காது. தொடரும் அதைச் சும்மா விடவில்லை. முதல் எபிசோடில் அவன் பேசிய பேச்சுக்கு கட்டாரா கோபப்பட்டுத்தான் பனிமலையே பிளந்து ஆங் வெளியே வருகிறான்.

4ஆவது எபிசோடில் கியோஷி தீவின் பெண் வீராங்கனைகள் அவனைக் கட்டிப் போடுகிறார்கள். பயிற்சிக் கூடத்துக்கு வீறாப்பாகப் போகிறான், அவர்களின் தலைவி சுக்கி எல்லோர் முன்னாலும் அவனைப் புரட்டி எடுக்கிறாள். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் முக்கியம். திரும்பப் போய் முழங்காலிட்டு, எனக்கும் கற்றுக்கொடு என்று கேட்கிறான். அவர்களின் உடை, முகப்பூச்சு எல்லாவற்றோடும்தான் கற்க வேண்டும் என்கிறாள், சரி என்று அதையும் போட்டுக்கொள்கிறான். தன்மேலேயே நம்பிக்கையில்லாத பதினைந்து வயதுப் பையன் தோற்ற இடத்துக்கே திரும்பிப் போய் மாணவனாக உட்காருவது லேசான காரியமில்லை. அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆங்கை ஊரை விட்டுத் துரத்தினவனே அவன்தானே? அப்புறம் என்ன விசுவாசம்?

துரத்தினான். நெருப்பு தேசத்தின் பழைய கப்பலில் ஆங்கும் கட்டாராவும் தெரியாமல் மிதித்த கண்ணியிலிருந்து சுடர் கிளம்பி ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஊரைக் காப்பது தன் வேலை என்று நினைக்கிறவன் அப்படித்தான் செய்வான். அப்புறம் ஊரைக் காப்பாற்ற ஆங் தானாகவே ஜூக்கோவிடம் சரணடைகிறான். கட்டாரா அண்ணனிடம் வாதாட ஆரம்பிக்கிறாள். நமக்காகத்தான் போனான், உனக்கு அவனைப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் நாம் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று மூச்சுவிடாமல் பேசுகிறாள். சாக்கா குறுக்கிட்டு, பேசிக்கொண்டே இருக்கப் போகிறாயா, இல்லை கூட வருகிறாயா என்கிறான். அவன் பக்கத்தில் படகு ஏற்கெனவே தயாராக நிற்கிறது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவெடுத்து முடித்துவிட்டான்.

சரி, பாட்டோ வர்ற எபிசோட்ல ஆங்கை விட்டுட்டுக் கிளம்பிட்டானே?

ஹக்கோடாவின் நண்பர் பாட்டோவைச் சந்திக்கிறார்கள். அப்பா இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் வந்து சேர்கிறது, இவர்கள் பிரிந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் ஆங் அதை மறைத்துவிடுகிறான். உண்மை தெரிந்ததும் சாக்காவுக்கு வந்த கோபம் நியாயமானது. கிளம்பியும் விடுகிறான். வழியில் கூட்டத்தைப் பிரிந்த ஓநாய் ஊளையிடுகிறது. அப்பா போனபோது தனக்கு எப்படி இருந்தது என்பது அவனுக்கு ஞாபகம் வருகிறது. ஆங்குக்கு உதவும் இடத்தில்தான் நாம் அதிகம் தேவைப்படுகிறோம் என்று சொல்லித் திரும்புகிறான். அப்பா அவனைத் தடுக்கச் சொன்ன அதே வாக்கியத்தை, அப்பாவிடம் போகாமல் இருப்பதற்கு அவனே எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாவது சீசனின் 19ஆவது எபிசோடில் இது இன்னும் கடுமையாகத் திரும்ப வருகிறது. ஒருவழியாக அப்பாவிடம் போய்ச் சேர்கிறான். கூடாரத்துக்கு வெளியே உள்ளே போகத் தயங்கி நிற்கும் அந்த நொடியைக் கவனியுங்கள். அப்பா அவனைப் போருக்குத் தன்னோடு அழைத்துப் போகத் தயாராகிறார், இரண்டு வருடமாக அவன் ஏங்கியது அதற்குத்தான். அந்த நேரம் பார்த்து ஆங் வந்து, கட்டாராவுக்கு ஆபத்து என்கிறான். சாக்கா கிளம்பிவிடுகிறான்.

கூட இருக்கறவங்க சக்தியைப் பார்த்து அவனுக்குப் பொறாமையா?

வலி என்று சொல்வேன். மூன்றாவது சீசனின் 4ஆவது எபிசோடில் எரிகல் விழுந்து காடு பற்றிக்கொள்கிறது. மற்ற மூவரும் ஆளுக்கொரு சக்தியால் தீயை அணைத்து ஓர் ஊரைக் காப்பாற்றுகிறார்கள். இவனால் ஓரமாக நிற்கத்தான் முடிகிறது. மறுநாள் சாப்பிடும்போது எல்லோரும் அதைப் பற்றிப் பேச, இவன் வாட்டமாக உட்கார்ந்திருக்கிறான். உங்களால் என்னென்னவோ முடிகிறது, நான் மட்டும் சாதாரண ஆள் என்று சொல்லிவிடுகிறான்.

மனிதர்கள் தங்களைப் பக்கத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். சாக்காவின் சிக்கலே அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள்தான். உலகத்தின் மிகத் திறமையான மூன்று பேரோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் யாருக்குத்தான் தன்னைச் சிறியவனாகத் தோன்றாது? இதே பையன் வேறு எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருப்பான். ஆனால் அந்த வலியை அவர்கள்மேல் ஒருநாளும் திருப்பவில்லை. டோஃப் தோற்க வேண்டும், ஆங் சறுக்க வேண்டும் என்று அவன் நினைத்ததாக ஒரு காட்சிகூட இல்லை.

வாள் மாஸ்டர் பியாண்டாவ் அவன்கிட்ட அப்படி என்ன பார்த்தார்?

வருகிறவர்கள் எல்லாம் தன் பெருமையைச் சொல்லிச் சேரப் பார்க்கும் இடம் அது. சாக்கா போய், எனக்குத் தகுதி இருக்கிறதா என்றே தெரியவில்லை என்கிறான். அவர் சேர்த்துக்கொள்கிறார். தாழ்வு மனப்பான்மைதான் அவனை அப்படிப் பேச வைத்தது, கற்றுக்கொள்கிறவனுக்கு வேண்டிய உண்மையும் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

பாடங்கள் நடக்கும் விதத்தைப் பாருங்கள். எழுத்துக்கலையில் உன் முத்திரையைப் பதி என்றால், முகத்தில் மையைப் பூசித் தாளில் அழுத்துகிறான். இயற்கைக்காட்சி வரையச் சொன்னால் ஒரு வானவில்லைச் சேர்த்துவிடுகிறான். கல்தோட்டத்தை அமைக்கச் சொன்னால், சாய்ந்து உட்காரத் தோதாகக் கற்களை நகர்த்தி ஓய்வெடுக்கிறான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. பியாண்டாவ் அதில் யாரைப் போலவும் யோசிக்காத ஒரு மூளையைக் காண்கிறார். விழுந்த அந்த எரிகல்லிலிருந்தே கறுப்பு வாள் ஒன்றை அடித்துக்கொள்ள விடுகிறார்.

பியாண்டாவ் நெருப்பு தேசத்துக்காரர், சாக்கா அங்கே மாறுவேடத்தில் வந்தவன். வாள் கைக்கு வந்ததும் சாக்கா, நான் நெருப்பு தேசத்தவன் இல்லை, நீர்க்குடி என்று உண்மையைச் சொல்லிவிடுகிறான். பியாண்டாவ் வாளை உருவுகிறார். நண்பர்கள் உதவிக்கு வர, இது என் சண்டை என்று தடுத்துத் தனியாக நிற்கிறான். அது பரீட்சைதான், அவருக்கு முதலிலிருந்தே தெரியும். ஒருநாள் என்னையும் மிஞ்சுவாய் என்கிறார் கடைசியில். இரண்டு வருடமாக ஒரு பெரியவரிடமிருந்து அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

கடைசில அவனுக்கும் ஏதாவது ஒரு சக்தி வந்திருந்தா நல்லா இருந்திருக்குமே?

வந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே பிடிக்காமல் போயிருக்கும். சக்தி இருந்தால்தான் மதிப்பு என்று அவன் பயந்தது சரிதான் என்று ஆகிவிடும். சக்தியில்லாததால்தான் அவன் பார்க்கிறான், கணக்குப் போடுகிறான். சூரிய கிரகணத்தன்று நெருப்பு தேசத்தின் சக்தி அடங்கிவிடும் என்று நூலகத்தில் கண்டுபிடிப்பவன் அவன். பா சிங் சே நகரச் சுவரைத் துளைக்க வந்த ராட்சத இயந்திரத்தை எங்கே பலவீனப்படுத்தினால் உடையும் என்று யோசித்தவனும் அவன்தான். அந்த எபிசோடில், எப்போதும் நான்தான் யோசனை சொல்ல வேண்டுமா, எவ்வளவு அழுத்தம் தெரியுமா என்று புலம்புகிறான். புலம்பிக்கொண்டே யோசிக்கவும் செய்கிறான்.

யூவே செத்ததுக்கு அவன்தான் காரணமா?

இல்லை. வடதுருவத்து இளவரசி யூவேயைக் காக்கும் பொறுப்பு அவனுக்குக் கொடுக்கப்பட்டது. நிலவின் ஆவியை எதிரி கொன்றதும், குழந்தையில் தனக்கு அந்த ஆவி தந்த உயிரை அவளே திருப்பிக் கொடுத்து நிலவாகிறாள். அவளை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால், காப்பதுதான் உன் வேலை என்று அப்பா சொல்லிச் சென்ற பையனுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? இரண்டாவது சீசனின் 12ஆவது எபிசோடில் சுக்கியை ஒவ்வோர் அடிக்கும் பாதுகாக்கிறேன் என்று படுத்துகிறான். அவள் அவனைவிட நன்றாகச் சண்டை போடுவாள் என்பது அவனுக்கே தெரியும். ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமல் போனது என்று பிறகு அவளிடமே சொல்கிறான்.

கிரகண நாள்ல அசூலாவோட வலையில தெரிஞ்சே விழுந்தானே? புத்திசாலி செய்யற வேலையா?

சக்தி அடங்கும் அந்தக் கிரகண நாளில் நெருப்பு தேசத்தின்மேல் படையெடுப்பது அவனுடைய திட்டம். காலையில் எல்லோர் முன்னாலும் அதை விளக்க எழுந்தவன் உளறிக் கொட்டி, முதல் நாளிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். அப்பா எழுந்து நிதானமாக விளக்கி முடிக்கிறார். அதே நாளில் அப்பா காயம்பட்டு விழுந்ததும் படையை நடத்துவது சாக்காதான். மேடையில் உடைந்தவன் களத்தில் உடையவில்லை.

அப்புறம்தான் ஜூக்கோவின் தங்கை, நெருப்பு தேச இளவரசி அசூலா. கிரகணம் எட்டு நிமிடம். அவள் நேரத்தைக் கடத்துகிறாள் என்பதைக் கண்டுபிடிப்பவனே சாக்காதான். உடனே அவள் சிறையில் இருக்கும் சுக்கியைச் சொல்கிறாள்: நீ வந்து காப்பாற்றுவாய் என்று காத்திருந்தாள், நீ வரவே இல்லை என்கிறாள். அவனிடம் இருந்த ஒரே ஆறாத புண் எதுவென்று தெரிந்து அதில் கை வைக்கிறாள். மேலே யூவேயைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நொடியில் அவனுடைய புத்தி எந்த உதவியும் செய்திருக்காது.

பாய்லிங் ராக் சிறைக்குப் போனது தைரியமா, வறட்டு கௌரவமா?

போகும்போது பாதி கௌரவம்தான். திட்டம் தோற்று, பெரியவர்கள் பிடிபட்டுப் போனதற்குத் தானே ஈடு செய்ய வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்புகிறான், அதற்குள் இவர்கள் பக்கம் வந்துவிட்ட ஜூக்கோ மட்டும் கூட ஒட்டிக்கொள்கிறான். கொதிக்கும் ஏரிக்கு நடுவே இருக்கிற சிறை அது. அங்கே அப்பா இல்லை, சுக்கி இருக்கிறாள். தப்பிக்க வழியும் கிடைத்துவிடுகிறது. கரையில் கிளம்ப நிற்கும் நேரத்தில், நாளைக்குப் புதுக் கைதிகள் வருகிறார்கள், அதில் அப்பா இருக்கலாம் என்று தெரிகிறது. நின்றுவிடுகிறான். அப்போது தன் மானத்தைப் பற்றி அவன் நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, அப்பாவை விட்டுப்போக மனமில்லை, அவ்வளவுதான். சுக்கியும் ஜூக்கோவும் அவனோடு தங்குகிறார்கள்.

கட்டாரா அம்மாவைப் பத்திப் பேசிட்டே இருக்கா. அவன் பேசவே மாட்டேங்கறானே?

ஒருமுறை பேசுகிறான், மூன்றாவது சீசனின் 7ஆவது எபிசோடில், டோஃபிடம். அம்மா போன பிறகு வீட்டைத் தாங்கியது கட்டாராதான், அம்மா முகத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு அவள் முகம்தான் வருகிறது என்கிறான். அவளிடம் நேரில் சொல்லியிருக்க மாட்டான். அவள் தற்செயலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைசில அவனோட பயமெல்லாம் போயிடுச்சா?

போனதாகக் காட்டவில்லை, எனக்கு அதில் திருப்திதான். கடைசி எபிசோடில் பறக்கும் போர்க்கப்பல்களின்மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது சாக்காவும் டோஃபும் விழுகிறார்கள். கீழே ஒரு தட்டில் மோதி அவன் கால் உடைகிறது. ஒரு கையில் டோஃப் அந்தரத்தில் தொங்குகிறாள். இரண்டு பக்கமும் எதிரிகள். மிச்சமிருக்கும் கையால் ஒருவன்மேல் பூமராங்கை எறிகிறான், இன்னொருவனின் காலுக்கடியில் வாளை எறிகிறான். அப்பா நினைவான ஆயுதமும் போயிற்று, பியாண்டாவிடம் சம்பாதித்த வாளும் போயிற்று. பூமராங் திரும்பி வராது போலிருக்கிறது டோஃப் என்று சொல்கிறான், குரல் நடுங்குகிறது, டோஃபின் கையை மட்டும் விடவில்லை. சுக்கி இன்னொரு கப்பலைக் கொண்டுவந்து இருவரையும் காப்பாற்றுகிறாள்.

என் பையன் 'நான்தான் நம்ம குரூப்ல சாக்கா'ன்னு சொல்றான். கவலைப்படணுமா?

எந்த சாக்கா என்று கேளுங்கள். ஜோக் அடிக்கிற சாக்கா என்றால் கொண்டாடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வாடி உட்கார்ந்த சாக்கா என்றால், அப்படியெல்லாம் இல்லை, நீயும் கெட்டிக்காரன்தான் என்று அவசரமாகச் சமாதானம் சொல்லாதீர்கள். அந்த எபிசோடில் நண்பர்கள் செய்ததைப் பாருங்கள். முதலில் அவன் சொன்னதை நம்பினார்கள். பிறகு அவனுக்கென்று கற்க ஏதாவது உண்டா என்று கூடவே போய்த் தேடினார்கள். ஆசிரியர் கிடைத்ததும் ஒதுங்கிக்கொண்டார்கள். ரொம்ப நாளாக வாட்டம் போகாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் மட்டும் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

பெரியவனானதும் என்ன ஆனான்?

2012இல் தொடங்கிய அடுத்த தொடரான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா'வில் ஒரு பழைய நினைவுக் காட்சியில் வருகிறான். குடியரசு நகரத்தின் மன்றத்தில் தென் நீர்க்குடியின் உறுப்பினர். யாராலும் முடியாது என்று நினைத்த விதத்தில் ரத்தத்தையே இயக்குகிறான் என்று குற்றம்சாட்டப்பட்ட ஒருவனின் வழக்கில் தீர்ப்பு வாசிக்கிறான். உலோகத்தை இயக்க முடியாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், டோஃப் செய்து காட்டினாள் என்று காரணம் சொல்கிறான். மனதாலேயே நெருப்பை வெடிக்க வைத்த ஒருவனைத் தன் பூமராங்கால் வீழ்த்தியதையும் மறக்காமல் குறிப்பிட்டுவிட்டு, குற்றவாளி என்று தீர்ப்பளிக்கிறான்.